சால்னாவின் மேல் போட்ட பழி

எங்கள் தெருமுனையில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு நான் ஓர் அநியாயம் செய்திருக்கிறேன். 2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு, புதிதாகத் திறந்திருந்த அந்தக் கடையிலிருந்து பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். விடிவதற்குள் நான்கு முறை வாந்தி எடுத்தேன். அடுத்த ஐந்தாறு நாட்களில் சிறுநீர் வரக்காப்பி நிறத்துக்குப் போய், கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் காமாலை என்று உறுதியாயிற்று. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "அந்தக் கடைச் சால்னாதான் காரணம்" என்று நான் சொன்னேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவள் சொல்வதை யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள் என்பதால் அந்தச் சொல் வேகமாகப் பரவி, எங்கள் தெருவில் ஐந்து வீட்டார் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள்.

மருத்துவர்தான் முதலில் என் வழக்கைக் கலைத்தார். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, இது ஹெபடைட்டிஸ் ஏ வைரஸால் வந்த கல்லீரல் அழற்சி என்றார். நான் சால்னாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தி, "அன்னைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கலம்மா. அதுக்கு முந்தின மாசம் எங்கெங்க தண்ணி குடிச்சீங்க, அதச் சொல்லுங்க" என்றார். அந்த வைரஸ் உடம்புக்குள் புகுந்து நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாட்கள் ஆகும். பெரும்பாலும் 28 நாட்களை ஒட்டி வரும். ஆகவே நான் வாந்தி எடுத்த இரவில் நோய் ஏற்கெனவே என் கல்லீரலில் நான்கு வாரம் குடியிருந்திருக்கிறது. அந்தச் சால்னா அந்த நேரத்தில் என் வயிற்றில் இருந்தது என்பதைத் தவிர அதன் மேல் வேறு குற்றம் இல்லை. மேலும், 85 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நிமிடம் இருந்தாலே அந்த வைரஸ் செயலிழந்துவிடும் என்றும், கொதித்துக்கொண்டிருக்கும் குழம்பின் வழியாக அது வருவது அரிது என்றும் அவர் விளக்கினார்.

நான் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் இருக்கிறேன். மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான், பேரையூர் என்று வாரத்தில் நான்கு நாட்கள் வெளியூரில்தான் மதியச் சாப்பாடு. நாட்குறிப்பை எடுத்து முந்தைய மாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஆனி மாத வெயிலில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு மூன்று முறை, ஓர் ஊர்ப் பொங்கலில் பந்தலுக்கடியில் கொடுத்த நீர்மோர், சங்க அலுவலகங்களில் மண்பானைத் தண்ணீர், ஒரு விடுதியில் நறுக்கி வைத்த வெங்காயப் பச்சடி என்று வரிசையாக வந்தன. இவற்றில் எது என்று உறுதியாகப் பிடிக்க வழியில்லை. ஆனால் வியப்பு என்னவென்றால், இந்தப் பட்டியலில் இருந்த எதன் மேலும் என் உடம்புக்கு வெறுப்பே வரவில்லை. கரும்புச்சாற்றை நினைத்தால் இன்றும் நாவில் நீர் ஊறுகிறது. சால்னாவை நினைத்தால்தான் தொண்டை அடைத்தது.

அந்த வெறுப்பு எப்படி இருந்தது என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும். வாசனை மூக்குக்கு வருவதற்கு முன்பே நாவின் அடியில் எச்சில் சுரந்துவிடும். அது பசியில் ஊறும் எச்சில் அல்ல, வாந்திக்கு முன்பு வரும் தண்ணீர் போன்ற எச்சில். அந்தக் கடைச் சால்னாவில் கல்பாசி தூக்கலாக இருக்கும். எங்கள் வீட்டுக் குழம்பில் அதைப் போடும் பழக்கமில்லை. நோய் தீர்ந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, மளிகைக் கடையில் ஒருவர் கரம் மசாலாச் சாமான் வாங்குவதற்காகக் கல்பாசிப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் கையில் இருந்த பையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று மூச்சை இழுத்து விட்டேன். சால்னா குற்றமற்றது என்பது அப்போது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்? அறிவு சொல்வதை வயிறு கேட்கவில்லை.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளர் 1955இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், இனிப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அதே நேரத்தில் குமட்டலை உண்டாக்கும் கதிர்வீச்சுக்கும் அவற்றை உள்ளாக்கினார். எலிகள் பிறகு அந்த இனிப்பைத் தொடாமல் ஒதுக்கின. உண்மையில் நோயைக் கொடுத்தது கதிர். தண்டனை பெற்றதோ இனிப்பு. மற்ற பாடங்கள் பலவற்றை உடம்பு பல முறை பார்த்துத்தான் கற்கும். இந்தப் பாடத்தையோ ஒரே முறையில், உண்டதற்கும் குமட்டலுக்கும் இடையே பல மணி நேரம் கழிந்திருந்தாலும், கற்றுக்கொள்கிறது. காட்டில் நச்சுக்காயைத் தின்ற விலங்கு இரண்டாம் முறை தின்னாமல் பிழைப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. பழகிய உணவைவிடப் புதிய சுவையின் மேல்தான் அந்தப் பழி எளிதாக விழும் என்பதும் தெளிவாக நிறுவப்பட்டிருக்கிறது. அன்று மாலை நான் இட்லியும் சாப்பிட்டிருந்தேன். பிறந்தது முதல் ஆயிரக்கணக்கான முறை உண்டு ஒன்றும் ஆகாத இட்லியை உடம்பு சந்தேகிக்கவில்லை. கல்பாசி மணக்கும் புதுச் சால்னாவைப் பிடித்துக்கொண்டது.

ஐலீன் பெர்ன்ஸ்டீன் என்ற ஆய்வாளர் 1978இல் புற்றுநோய்க்கு மருந்தேற்றப்படும் குழந்தைகளிடம் இதையே கண்டார். மருந்தேற்றும் முன் பழக்கமில்லாத சுவையுள்ள ஐஸ்கிரீமைத் தின்ற குழந்தைகள் பிறகு அதை விரும்பவில்லை. அதன் தொடர்ச்சியாக, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் இடையில் விநோதச் சுவையுள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தால் வெறுப்பு பெருமளவு மிட்டாயின் மேல் போய், சாப்பாடு தப்பிக்கும் என்றும் அவர் குழுவினர் பிறகு கண்டறிந்தார்கள். இதைப் படித்த அன்றே திண்டுக்கல்லில் சிகிச்சையில் இருக்கும் என் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மருந்தேற்றும் நாளில் அவருக்கு உயிரான நெத்திலிக் குழம்பை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும், அந்தக் குழம்பை நல்ல நாளுக்குக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன்.

காமாலை நாட்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மா கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தார். உப்பில்லாப் பத்தியம் வைக்க வேண்டும் என்றார். மருத்துவரோ பத்தியம் என்று எதுவும் வேண்டாம், இறங்குவதைச் சாப்பிட்டால் போதும், மதுவும் கேட்காமல் வாங்கும் வலி மாத்திரையும் மட்டும் கூடவே கூடாது என்றார். ஒன்றை மட்டும் இதே நிலையில் இருப்பவர்களுக்காகக் குறித்து வைக்கிறேன். இந்த நோயில் பொழுது ஏற ஏறக் குமட்டல் கூடும். காலையில்தான் வயிறு ஓரளவு அமைதியாக இருக்கும். ஆகவே பகலுக்குரிய சாப்பாட்டைக் காலை எட்டு மணிக்கே முடித்துக்கொண்டேன். கடுகு தாளிக்கும் வாசனையே ஆகாமல் போனதால், கஞ்சியை நன்றாக ஆறவைத்துக் குடித்தேன். ஆறிய உணவில் மணம் குறைவு. மணம் குறைந்தால் குமட்டலும் குறையும்.

சிக்கல் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் தொடங்கியது. வீட்டில் ஆறிய கஞ்சி என்னைக் காப்பாற்றியது. வெளியில் ஆறிய உணவுதான் ஆபத்து. பாதுகாப்பாக உண்ண வேண்டுமென்றால் கொதிக்கக் கொதிக்க உண்ண வேண்டும். கொதிப்பதோ மணக்கிறது, மணப்பதோ குமட்டுகிறது. என் மூக்கு ஆறியதைக் கேட்டது, வயிற்றின் நலமோ சூட்டைக் கேட்டது. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. எனக்குப் பிடிக்காதது என்பது ஒரு பேரேடு. எனக்குக் கெடுதல் செய்யக்கூடியது என்பது வேறு பேரேடு. முதல் பேரேட்டில் சால்னாவும் தாளித்த குழம்பும் இருந்தன. இரண்டாம் பேரேட்டில் இருக்க வேண்டியவை நான் ஆசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவை.

தேங்காய்ச் சட்னியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வேகாத பொருள். உசிலம்பட்டிச் சாலையில் ஒரு சிறிய கடையில் அடுப்புக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தபோது கண்ணால் பார்த்தேன். காலை ஒன்பதரை மணி, கூட்டம் குறையவில்லை, சட்னி வாளியில் அடி தெரிகிறது. பரிமாறும் பையன் அடுப்புப் பக்கம் போகாமல், கை கழுவும் குழாயில் ஒரு போகணித் தண்ணீர் பிடித்து வாளியில் ஊற்றி, கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றினான். கெட்டிச் சட்னி தண்ணிச் சட்னி ஆயிற்று. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கும் பிள்ளை, யாரும் அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் என் பக்கத்தில் இருந்தவர் இட்லியை அந்தச் சட்னியில் குழைத்துக் குழந்தைக்கு ஊட்டியதைப் பார்த்தபோது மனம் பதறியது. அந்த இட்லி ஆவியில் வெந்தது, அதைவிடப் பாதுகாப்பான உணவு அந்தக் கடையிலேயே கிடையாது. அதை நனைத்த நீரோ எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "அடுத்த ஈடு எப்பண்ணே இறங்கும்?" என்பதுதான். கொப்பரையிலிருந்து தட்டு இறங்கி, துணியின் மேல் தண்ணீர் தெளித்து இட்லியை உரித்தெடுக்கும் நேரத்தில், அதில் மாவின் மெல்லிய புளிப்பு மணத்தைத் தவிர வேறு எதுவும் இருக்காது. சூடும் இருக்கிறது, மூக்கை உறுத்தும் மணமும் இல்லை. என் இரண்டு பேரேடுகளும் ஒத்துப்போன முதல் உணவு அது. இடியாப்பம் இரண்டாவது, தேங்காய்ப் பால் வேண்டாம், சீனி மட்டும் போதும் என்று வாங்கிக்கொள்வேன். கல்லில் முறுகலாக வார்த்த தோசை மூன்றாவது. தொட்டுக்கொள்ள, பரிமாறுபவர் கையில் இருக்கும் வாளிச் சாம்பார் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்பதால், "அடுப்புல இருக்கிறதுல ஒரு கரண்டி" என்று கேட்பேன். சமைத்த உணவு 60 பாகைக்குக் கீழே இறங்கி நிற்கும் நேரத்தில்தான் கிருமிகள் பெருகுகின்றன. மேசை மேசையாகச் சுற்றும் வாளி அந்த நிலையில்தான் காலை முழுக்க இருக்கிறது. இப்படிக் கேட்டதற்காக எந்தக் கடையிலும் யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. "காமாலை வந்து எழுந்தவ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாஸ்டரே வந்து கல்லைத் துடைத்துவிட்டு வார்ப்பார். மதுரைக் கடைகளில் இந்தப் பரிவு இன்னும் இருக்கிறது.

மதியத்தில் நேரம் முக்கியம். பன்னிரண்டரை மணிக்கு முதல் பந்தியில் உட்கார்ந்தால் சோறு வடித்த சூடு மாறாமல் இருக்கும். மூன்று மணிக்குப் போனால் அதே சோறு இரண்டரை மணி நேரம் குவியலாக வெதுவெதுப்பில் கிடந்தது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு கொதிப்பதால் சாவதில்லை. வெந்த சோறு மெதுவாக ஆறும்போது அவை முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலும் அழிவதில்லை. உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வயிற்றைப் புரட்டும். எனவே விடியற்காலையில் கட்டிப் பேருந்து நிலையத்தில் நண்பகல் வரை விற்கும் தக்காளிச் சோற்றுப் பொட்டலத்தையும், பழைய சோற்றில் கிளறும் ஃப்ரைடு ரைஸையும் நான் தவிர்க்கிறேன். நம் பாட்டிமார் கட்டுச்சோறாகப் புளியோதரையைத் தேர்ந்தெடுத்ததில் காரணம் இருக்கிறது. புளிப்பு கிருமிகளின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும். முட்டையில் ஆம்லெட் சரி. மதுரையில் எல்லோரும் விரும்பிக் கேட்கும் கலக்கி, உள்ளே வேகாமல் இருப்பதால், சரியில்லை. பச்சடி, நறுக்கிய பழம், ஐஸ் மூன்றும் இல்லை. உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் உறைநிலையிலும் பிழைத்திருக்கும். வாழையிலையில் தெளித்த தண்ணீரைக் கையால் வழித்துவிடாமல், கைக்குட்டையால் ஒற்றி உலர்த்திக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது.

ஜிகர்தண்டாவைப் பற்றிக் கேட்பீர்கள். சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். மதுரைக்காரிக்கு அதை விட்டுக்கொடுக்க மனம் வராது. என் உடம்புக்கும் அதன் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பிசின் ஊறிய தண்ணீர் எது, கண்ணாடிக் குவளை எந்தத் தண்ணீரில் அலசப்படுகிறது என்று பார்க்க முடியாத இடத்தில் நான் குடிப்பதில்லை. ஹெபடைட்டிஸ் ஏ ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வராது என்பது உண்மைதான். அதே தண்ணீர் வழியாக வரும் டைஃபாய்டுக்கும் ஹெபடைட்டிஸ் ஈக்கும் அந்தக் காப்பு உதவாது. என் மகளுக்கு ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசி போட்டுவிட்டேன். தடுப்பூசி இருக்கிறது என்ற செய்தியே எனக்கு நோய் வந்த பிறகுதான் தெரிந்தது என்பது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

கடைகளில் பிழைத்துக்கொள்ளலாம், உறவுக்காரர் விருந்தில்தான் கடினம். அந்த ஆண்டு ஐப்பசியில் என் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. மதினி என் மேல் உயிரையே வைத்திருப்பவர். பந்தியில் என் இலையில் இட்லி மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "நோவு போயி எத்தன மாசமாச்சு, ஒரு வாய் கறி தின்னாத்தானே ஒடம்பு தேறும்" என்று கறிக்குழம்பை அவரே ஊற்றி, ஒரு கவளம் பிசைந்து வாயருகே கொண்டுவந்தார். அந்த அன்பை மறுக்க முடியாமல் விழுங்கினேன். குழம்பில் கல்பாசி இருந்தது. பந்தலைத் தாண்டுவதற்குள் வெளியே வந்துவிட்டது. மதினி அழுதுவிட்டார். கெட்டது அதோடு முடியவில்லை. நாள்பட்டு மங்கிக்கொண்டிருந்த வெறுப்புக்கு அன்று புதிதாக ஒரு சாட்சி கிடைத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. நோயிலிருந்து எழுந்தவர்களை வற்புறுத்தி ஊட்டாதீர்கள் என்று நான் இப்போது எல்லா வீட்டிலும் சொல்வது அந்த நாளால்தான். அவர்கள் வேண்டாமென்பது அடம் அல்ல, ஊட்டுபவர் மேல் உள்ள குறையும் அல்ல.

வெறுப்பைக் கரைக்கும் வழி ஊட்டுவதற்கு நேர்மாறானது. அந்தச் சுவை மறுபடி மறுபடி வர வேண்டும், வரும்போதெல்லாம் குமட்டல் வராமல் இருக்க வேண்டும். அதற்கு அளவு மிகச் சிறியதாக இருக்க வேண்டும், நிறுத்தும் உரிமை உண்பவர் கையில் இருக்க வேண்டும். தை மாதத்தில் என் கணவர் வெறும் பரோட்டா மட்டும் வாங்கி வந்தார். சிறு வயதில் தின்றதைப் போல் சீனி தொட்டுத் தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு நானே தக்காளியும் தேங்காயும் அரைத்து, கல்பாசி இல்லாமல் சால்னா வைத்தேன். மூன்று வாரம் அப்படியே. நான்காம் வாரம் கல்பாசியில் நகக்கண் அளவு கிள்ளி எண்ணெயில் போட்டேன். அடுப்படியில் நிற்க முடிந்தது, சாப்பிட முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு தேக்கரண்டி சாப்பிட்டேன். நடுவில் ஒரு முறை எச்சில் ஊறத் தொடங்கியதும் உடனே தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துகொண்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

மொத்தம் ஏழு மாதம் ஆயிற்று. 2023 ஆடியில், ஓராண்டு முடிந்த வாரத்தில், மாலை ஏழு மணிக்கு அந்தத் தெருமுனைக் கடைக்குப் போனேன். சால்னா அண்டா அடுப்பின் மேல் குமிழியிட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. இலையில் இரண்டு பரோட்டா பிய்த்துப் போட்டு, அண்டாவிலிருந்தே ஒரு கரண்டி ஊற்றச் சொன்னேன். பாதிதான் சாப்பிட முடிந்தது. ஆனால் அது வயிற்றில் தங்கியது. காசு கொடுக்கும்போது, "அண்ணே, போன வருசம் ஒங்க சால்னாவாலதான் காமாலை வந்துச்சுன்னு நான்தான் எல்லார்ட்டயும் சொன்னேன். அது தப்பு" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியும்த்தா. நல்லாயிட்டேல்ல, அது போதும்" என்றார்.

மறுநாள் அந்த ஐந்து வீடுகளுக்கும் போய், 28 நாள் கணக்கைச் சொல்லி விளக்கினேன். நான்கு வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள். ஐந்தாம் வீட்டு அத்தை மட்டும், நான் சொல்வது முழுக்கப் புரிகிறது என்றும், ஆனாலும் அந்தச் சால்னாவை நினைத்தால் தமக்கே இப்போது குமட்டுகிறது என்றும் சொன்னார். அவர் அதைச் சாப்பிட்டு நோயுற்றதில்லை. என் வாயால் கேட்டதே அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது. அவர் வீட்டுக்கு மாதம் ஒருமுறை என் கையால் வைத்த சால்னாவை, கல்பாசி இல்லாமல், ஒரு சிறு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறேன். சென்ற முறை கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது.